ரப்பர் தோட்டத்தில் ஜிம்மிக்கு வைத்த சோறு

தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. சாளை மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. ஜிம்மி அதன் முன்னால் முன்கால்களை ஊன்றி உட்கார்ந்திருந்தது. மேலேயிருந்து ஒரு ரப்பர் இலை கழன்று, சுற்றிச் சுற்றி வந்து சோற்றின் மேல் விழுந்தது. நாய் இலையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. இடத்தை விட்டு அசையவில்லை.

"தின்னுலே மக்கா," என்றேன். "ஒனக்குப் பிடிச்ச சாளைல்லா?"

வாலை ஒருதரம் சருகில் தட்டியது. அவ்வளவுதான். சற்று நேரத்தில் எறும்பு வந்துவிட்டது. என் மகள் பெனிலா தட்டை எடுத்துப்போய் ஒரு வாழைமூட்டில் கொட்டினாள்.

இதுவரை இந்தப் பக்கத்தில் என் மருந்துக்கடைக் கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன். படித்துச் சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திற்பரப்பு அருவிக்கு மேலே, கோதையாற்றங்கரையில் என் மச்சினனுக்கு ஒரு ரப்பர் தோட்டம் உண்டு. பெனிலா என்னையும் நாயையும் காரில் ஏற்றி அங்கே கொண்டுவந்திருந்தாள். அவள் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். லீவு கிடைப்பது அபூர்வம். கிடைத்த லீவை இப்படி நாய்க்காகச் செலவழிக்க ஒரு காரணம் இருந்தது. என் மனைவி ரோஸ்லின் இறந்ததிலிருந்து ஜிம்மி தட்டில் வைத்த சோற்றைத் தொடவில்லை.

கையில் வைத்து நீட்டினால் ஒரு பிஸ்கட்டு, ஒரு துண்டு ரொட்டி தின்னும். சில நாள் பசி தாங்காமல் பக்கத்து வீட்டு எச்சிலில் வாய் வைத்துவிட்டு வரும். அது எந்த மூலைக்கு? விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. மாட்டாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நோய் ஒன்றும் இல்லை, மனசுதான், இடம் மாற்றிப் பாருங்கள் என்றார் டாக்டர்.

கிளம்பும்போதே பெனிலா சொல்லிவிட்டாள்.

"அப்பா, இதிலயும் தேறல்லேன்னா நான் அவனை எங்கூடக் கூட்டிட்டுப் போறேன். அங்க நல்ல டாக்டர் உண்டு."

"பிளாட்டில நாய விடுவாங்களா?"

"விடுவாங்க. கேட்டாச்சு."

ஜிம்மியும் போய்விட்டால் இரணியல் வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும்தான் மிச்சம்.

கூடாரமும் நானும்

கூடாரம் போட்டுத் தங்குவதில் என்ன சுகம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. வீட்டில் தேக்குக் கட்டில் கிடக்க, பிளாஸ்டிக் துணிக்குள் புகுந்து வேர் முதுகில் குத்தப் படுப்பதற்கு இந்தக் காலத்துப் பிள்ளைகள் லீவு எடுக்கிறார்கள். என் தலைமுறைக்குத் தெரிந்த கூடாரம் ஒன்றுதான்: கன்வென்ஷன் பந்தல். அங்கே ஓலைக்குக் கீழே மணலில் பாய் விரித்துப் பிரசங்கம் முடியும்வரை தூங்கலாம். எழுப்ப ஆள் உண்டு, முடிந்ததும் சாயாவும் உண்டு.

பெனிலா ஆன்லைனில் வாங்கிய பச்சைக் கூடாரத்தை ஆற்றுக்கு மேலே மேட்டில் விரித்தாள். கம்பிகளை எங்கே சொருகுவது என்று நான் யோசனை சொன்னேன். அவள் நான் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்தாள். கூடாரம் நின்றுவிட்டது.

அது இலை உதிர்கிற காலம். பால்வெட்டு நின்றிருந்தது. ரப்பர் பால் பிடிக்க மரத்தில் கட்டியிருந்த சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. ஷெட்டில், மரத்தில் உறைந்த பாலை உரித்துச் சேர்த்த பழைய ஒட்டுப்பால் மூட்டை ஒன்று கிடந்து நாறியது. அந்த நாற்றத்தை மனுஷனால் சகிக்க முடியாது, நாய்க்கோ அது சந்தனம். ஜிம்மி அங்கே போய் மூக்கை நீட்டி நின்றது. பழைய ஜிம்மியாக இருந்தால் மூட்டையைக் கிழித்து இழுத்துப் போட்டிருக்கும். இது மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

பேர் பெற்ற நாய்

எங்கள் மாவட்டத்தில் பாதி நாய்களுக்குப் பேர் ஜிம்மி, மீதிக்கு டைகர். இது செம்பட்டை நிற நாட்டு நாய். பெனிலா படிக்க வெளியூர் போன வருஷம் ரோஸ்லின் எங்கிருந்தோ ஒரு குட்டியைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தாள். நான் கடையைப் பூட்டி வீட்டுக்கு வர ராத்திரியாகிவிடும். மகளும் இல்லாத வீட்டில் அவளுக்குப் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை. நாய்க்கு ஊசி போட்டாச்சா என்றுதான் கேட்டேன்.

ரோஸ்லின் வளர்ப்பு ராணுவ வளர்ப்பு. எச்சில் இலைக்கு ஓடக்கூடாது, அடுக்களைக்குள் கால் வைக்கக்கூடாது, விருந்தாளி மேல் தாவக்கூடாது. எனக்கும் ஏறக்குறைய அதே சட்டங்கள்தான். ஜிம்மி என்னைவிட நன்றாகக் கீழ்ப்படிந்தது.

அவள் போனபின் அது சோற்றைத் தொடவில்லை என்ற செய்தி ஊரில் பரவியது. கொட்டாரம் ஊரிலிருந்து வந்த அவளுடைய அக்கா, தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த நாயைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எனக்க தங்கச்சிக்கு மனுசங்க அழுததைவிட இது அழுதாச்சு," என்றாள்.

எங்கள் போதகர் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சேர்த்துவிட்டதாகக் கேள்வி. நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உண்மையைச் சொன்னால், நாயின் பட்டினியில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. உறவுக்காரர்கள் எல்லாரும் அடக்கம் முடிந்து பஸ் ஏறிவிட்டார்கள். பெனிலாவுக்கு வேலை இருந்தது. என்னோடு கூடவே உட்கார்ந்து துக்கப்பட ஒரு ஜீவன் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூடு என்று சொன்ன சாயங்காலம்

ரோஸ்லின் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் சபையில் அவளுக்காகச் சங்கிலி ஜெபம் நடந்தது. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்க, ராத்திரி பகல் அறாமல் ஜெபம். பெண்கள் வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தார்கள். நானும் ஜெபித்தேன். மருந்துக்கடைக்காரனுக்கு மருந்தின் எல்லை தெரியும். அதனால் மற்றவர்களைவிட நான் அதிகமாகவே கேட்டேன். பிச்சைக்காரன் கேட்பதுபோலக் கேட்டேன்.

மழைக்கு முன்னால் அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் சாயங்காலம். எங்கள் வீடுகளில் விளக்குப் போட்டதும் குடும்ப ஜெபம் உண்டு. ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஒரு ஜெபம். எத்தனையோ வருஷ வழக்கம். பெனிலா பாட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள்.

"மூடு," என்றேன்.

"அப்பா..."

"கேக்காதவரிட்ட என்னத்துக்குப் பேசணும்? இனி இந்த வீட்டில ஜெபம் வேண்டாம். ஒனக்கு வேணும்னா மனசுக்குள்ள வச்சுக்கோ."

அவள் புத்தகத்தை மூடினாள். அதற்குப்பிறகு வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மட்டும் ஒருகணம் தாழ்த்துவாள், உதடு அசையாது. நான் கவனிக்காததுபோல் இருப்பேன். இப்படியே ஒரு மழைக்காலம் முழுவதும் கழிந்தது. ஜிம்மி மெலிந்துகொண்டே வந்தது.

ஆற்றிலிருந்து வந்தபோது

தோட்டத்தில் இரண்டாவது நாள் மத்தியானம் நான் குளிக்கப் போனேன். கோதையாற்றில் தண்ணீர் கணுக்காலுக்குமேல் கொஞ்சம்தான். அருவிப் பக்கம் குளிக்க வந்தவர்களின் கூச்சல் தூரத்தில் கேட்டது. பாறையில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டேன். சோப்பைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. கூப்பிட்டால் கேட்காது. ஈரத்துண்டோடு மேடேறினேன்.

சருகு ஈரமாக இருந்ததால் என் காலடிச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்காது.

அடுப்புக் கல்லின் பக்கத்தில் பெனிலா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவித்த மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் தட்டில் இருந்தன. ஜிம்மியின் தட்டிலும் சோறு ஆவி பறந்தது. நாய் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது. என் மகள் தலையைக் குனிந்து, வாய்விட்டு ஜெபித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இல்லை என்ற தைரியத்தில்.

"ஆண்டவரே, அப்பாவுக்கு உம்மேல உள்ள கோவம் தீரல்ல. தீரும்போ தீரட்டும். அதுவரைக்கும் அவரைக் கைவிட்டுராதேயும். அந்த வீட்டில அவரு ஒத்தைக்கு இருக்காரு. ஜிம்மியக் கொண்டுபோனா இன்னும் ஒத்தையாப் போவாரு. எனக்கு என்ன செய்யணும்னு தெரியல்ல. இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் ஜெபங்கேளும் நல்ல பிதாவே, ஆமென்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. என் நோயை எனக்குத் தெரியாமல் இன்னொரு டாக்டரிடம் போய்ச் சொன்னதுபோல் இருந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன்.

அப்போது தட்டு கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது.

ஜிம்மி தின்றுகொண்டிருந்தது. சும்மா நக்கவில்லை. முன்கால்களை அகற்றி வைத்துக்கொண்டு, சூட்டையும் பாராமல், தலையைத் தூக்காமல் விழுங்கிக்கொண்டிருந்தது. சோறு தீர்ந்தபிறகும் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டே போய் ஒரு மரமூட்டில் முட்டி நின்றது.

பெனிலா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது.

"அப்பா, அவன் தின்னுதான்."

"பாத்தேன்."

"நீங்க... எப்ப வந்திய?"

"கொஞ்ச நேரமாச்சு," என்றேன்.

அவள் முகம் மாறியது. நான் சத்தம் போடுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

முன்னாலா, பின்னாலா

விஷயத்தை அவள்தான் முதலில் பிடித்தாள்.

"அம்மா சாயங்காலம் போன் பண்ணும்போ நடுவில ஒரு சத்தம் போடுவாப்பா. 'பொறுலே, ஜெபம் முடியட்டு'ன்னு. நான் உங்களைத்தான் சொல்லுகாள்னு நெனச்சேன்."

"நான் எங்க மக்ளே அந்த நேரத்தில வீட்டில இருந்தேன்?"

இருவரும் சேர்ந்து யோசித்தோம். எனக்கும் ஒவ்வொன்றாகத் தெளிவானது. ரோஸ்லின் சுடுசோற்றை மீன்குழம்பில் பிசைந்து புறவாசல் படியில் ஆற வைப்பாள். ஆறுகிற நேரத்தில் முன்னறைக்கு வந்து ஜெபத்துக்கு உட்காருவாள். ஜிம்மி வாசல்நடையில் படுத்திருக்கும். ஜெபம் முடிந்ததும் எழுந்து புறவாசலுக்குப் போகும். அதற்குமுன் தட்டில் வாய் வைத்தால் அடி விழும், சின்னக் குட்டியிலிருந்தே. கடையை விட்டு வீட்டோடு ஆனபிறகு நானும் அந்த ஜெபத்தில் உட்கார்ந்தவன்தான். ஆமென் சொன்ன கையோடு டி.வி.யில் செய்தி போட்டுவிடுவேன். நாய் எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

கடையில் இருந்த காலத்தில் மருந்து வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சலிக்காமல் சொல்லி அனுப்பியது ஒன்று உண்டு: சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா. மாறிப்போனால் நல்ல மருந்தும் வேலை செய்யாது. என் வீட்டு நாய்க்குச் சாப்பாடு ஜெபத்துக்குப் பின்னால். அதை மட்டும் நான் அறிந்திருக்கவில்லை. ஜெபத்தை நிறுத்தினேன். அது ஒவ்வொரு நாளும் தட்டின் முன்னால் உட்கார்ந்து, முடியட்டும் என்று காத்திருந்தது. தொடங்காத ஒன்று எப்படி முடியும்?

"அப்போ இது துக்கம் இல்லியா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஏமாந்தவன் குரல்போல இருந்தது.

பெனிலா ஜிம்மியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குப்பா தெரியும்? அம்மா சொன்னதை அவன் விடல்ல. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்."

அன்று மத்தியானம் கிழங்கைத் தட்டிலேயே விட்டேன். கூடாரத்துக்குள் போய்ப் படுத்தேன். துணிக்கு மேலே இலை விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. செத்துப்போனவள்மேல்கூட எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. இப்படி ஒரு கட்டளையை நாய்க்கு மட்டும் போட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறாள்.

கடைசி வரி

மறுநாள் காலையில் புறப்பட வேண்டும். அன்று சாயங்காலம் சூரியன் மரங்களுக்குள் இறங்குகிற நேரத்தில் பெனிலா சோறு பிசைந்து ஜிம்மியின் தட்டை வைத்தாள். நாய் வந்து உட்கார்ந்தது. மத்தியானம் தின்ற தெம்பு அதன் கண்ணில் தெரிந்தது. நான் காத்திருந்தேன். பெனிலாவும் காத்திருந்தாள்.

"சொல்லு மக்ளே," என்றேன். "எனக்கு ஒண்ணும் இல்ல. நீ வாய்விட்டே சொல்லு."

"நான் சொல்லமாட்டேன்பா."

"ஏன்?"

"நான் நாளைக்கு ஆபீசுக்குப் போயிருவேன். நாளைச் சாயங்காலம் யாரு சொல்லுவா?" கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு, நீங்க சொல்லணும். இல்லேன்னா அவனை நான் கொண்டு போறேன். பட்டினி போட்டுக் கொல்லமுடியாதுல்லா."

பெண்ணுக்கு அவள் அம்மாவின் நாக்கு. நான் ஜிம்மியைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. அதன் வாயோரத்தில் எச்சில் நூல் தொங்கியது.

"ஆமென்," என்றேன்.

ஜிம்மி காதைத் தூக்கியது. எழவில்லை.

"ஆமென்," என்றேன் இன்னும் உரக்க.

"கோயில் மைக்கில நாள் முழுக்க ஆமென் கேக்கத்தான் செய்யிது," என்றாள் பெனிலா. "அதுக்கெல்லாம் எழும்பினா அவன் என்னைக்கோ தடிச்சுப் போயிருப்பான். முழுசாச் சொல்லணும்பா. கடைசி வரியோட."

கடைசி வரி எது என்று அவள் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் யார் ஜெபித்தாலும், பாட்டியிலிருந்து பெனிலா வரை, எப்படிச் சுற்றி வந்தாலும் முடிவது அந்த வரியில்தான். வாய் பழகின வரி. கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லைத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து நான் விட்டுவிட்டு வந்தேன்.

கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே," என்றேன். ஆற்றுச் சத்தம் கேட்டது. "உம்மோட பேச எனக்கு ஒண்ணும் இல்ல. ரோஸ்லினுக்காகக் கேட்டேன். கேட்டதை நீர் தரல்ல. அது தீர்ந்துபோன காரியம்னு யாரும் எனக்கிட்டச் சொல்லவேண்டாம், நீரும் சொல்லவேண்டாம். ஆனா இது வாயில்லாத சீவன். நமக்குள்ள உள்ள சண்டை இதுக்குத் தெரியாது. அவ சொல்லிக் குடுத்ததைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கு. இதுக்குச் சோறு வேணும்." மூச்சு வாங்கினேன். "இயேசுவின் நாமத்தில் ஜெபங்கேளும்..."

அடுத்து வருவது 'நல்ல' என்ற அந்தச் சொல். அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

பெனிலா எடுத்துக் கொடுக்கவில்லை. ஜிம்மி மூச்சு விடுவது என் முழங்காலில் சூடாகப் பட்டது. அதற்கு என்மேல் இருந்த நம்பிக்கையைப் பார்த்தால், மீதிச் சொல்லை நான் சொல்வேனா மாட்டேனா என்ற சந்தேகமே அதற்கு இல்லை. முடியத்தான் போகிறது, கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவே.

"...நல்ல பிதாவே," என்றேன். "ஆமென்."

சொல் முடிவதற்குள் தட்டு கல்லில் உரசியது.

அது தின்று முடிக்கும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. பெனிலா என் முதுகில் கை வைத்திருந்தாள், அதுவும் தெரிந்தது. அந்த நேரத்தில், வாய்விடாமல், நான் வேறு சிலவும் சொன்னேன். அது எனக்கும் அவருக்கும் உள்ளது. பத்திரிகையில் எழுத மாட்டேன்.